ஏ போர்ட்டியின் இடப்பக்க ஆசனம்

எங்கள் காரின் இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. வெளியே நின்று கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கிப் பிறகு இழுக்க வேண்டும். ஆகவே எங்கே போய் நின்றாலும் என் கணவர் இறங்கி, காரைச் சுற்றி வந்து, எனக்குக் கதவைத் திறந்துவிடுவார். கல்யாண வீடுகளில் இதைப் பார்த்த பெண்கள் தங்கள் புருஷன்மாரை முழங்கையால் இடிப்பதை நான் கண்டிருக்கிறேன். "மனுசன் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே இறங்கினேன். ஒரு பழுதான பூட்டு ஒரு மனிதருக்கு இவ்வளவு நல்ல பெயர் வாங்கித் தருமென்றால் அதை எதற்காகத் திருத்த வேண்டும்?

கார் ஏ போர்ட்டி, அந்தக் காலத்து இங்கிலீஷ் கார். எனக்கு மூத்தது, அவருக்கு இளையது. அவர் சீனன்குடாவில் எண்ணெய்க் களஞ்சியத்தில் வேலை செய்த காலத்தில், ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஒரு மேலதிகாரியிடம் வாங்கியது. திருகோணமலையில் கடல் காற்று இரும்பைத் தின்னும். எங்கள் வீட்டு யன்னல் கம்பிகள் இரண்டு தரம் மாற்றியாயிற்று. காரில் மட்டும் துரு ஏற அவர் விட்டதில்லை. ஒவ்வொரு மாலையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைப்பார். பிள்ளையைக் குளிப்பாட்டியது நான், காரைக் குளிப்பாட்டியது அவர். இதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, ஏனென்றால் கார் இராத்திரியில் எழுந்து அழுவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது போல எனக்கும் தெரிந்திருந்தது.

அவருக்கு நல்ல பெயர் வந்ததைச் சொன்னேன். எனக்கு வந்த பெயரையும் சொல்லிவிட வேண்டும். நான் வாய் ஓயாத மனுசி. காரில் ஏறினால் இறங்கும் வரை புருஷனுக்குச் சொல்லிக்கொண்டே வருவேன். "ஓட்டோ வருது. இடப்பக்கம் சைக்கிள். பஸ் எடுக்கப்போறான். மெதுவா." கண்ணாடி இறக்கியிருக்கும், என் குரலும் சிறிய குரல் அல்ல. வைத்தியசாலைக் கிளினிக்கில் தாதியாக நின்று, நிறைந்த மண்டபத்தில் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும்படி பெயர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. சந்தியில் நிற்பவர்கள் என் கணவரைப் பார்த்து இரக்கப்பட்டுத் தலையாட்டுவார்கள். அவரும் பொறுமையின் உருவமாகத் தலையாட்டுவார்.

அவருக்குக் கண்ணில் பிரஷர். நேரே பார்ப்பது தெளிவாக இருக்கும், ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு வரும் வியாதி அது. போன ஓரம் திரும்பி வராது. மருந்து மிச்சத்தைக் காப்பாற்றும், அவ்வளவுதான். காலையும் மாலையும் துளி மருந்து விடுவது நான். கார் ஓட்ட வேண்டாம் என்று கண் வைத்தியர் சொன்னதை, தேத்தண்ணிக்குச் சீனி குறைக்கச் சொன்னதைப் போலவே இவர் கேட்டுக்கொண்டார். "பேப்பர் வாசிக்கிறன். மரண அறிவித்தல் எழுத்தும் வாசிக்கிறன். பிறகென்ன?" என்பார். அதுவும் பொய்யல்ல. நேரே பிடித்த பேப்பரில் ஓர் எழுத்தும் அவருக்குத் தப்பாது. இடப்பக்கத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத்தான் கை தட்டிவிடும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழியை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை.

இப்படி ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம் என்று நாங்கள் இருவரும் இருந்து கதைத்ததே கிடையாது. எங்கள் நகரத்தில் மான்கள் மாடுகளைப் போலத் திரியும். கோட்டைக்குள்ளிருந்து வந்து, பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்று, கடை வாசலில் படுத்து அசைபோடும். வெளியூர்க்காரர்கள் வாகனத்தை நிறுத்திப் படம் எடுப்பார்கள். எங்களுக்கு அவை வீதியில் குறுக்கிடும் தொல்லை. ஒருநாள் கோட்டை வாசலடியில் ஒன்று இடப்பக்கமாக இறங்கியது. "மான்" என்றேன். பிரேக் போட்டார். அதில் ஒன்றும் புதுமையில்லை. புதுமை என்னவென்றால் அவர் என்னை ஏசவில்லை. முன்பெல்லாம் நான் "மெதுவா" என்று வாயெடுத்தாலே, "நீர் ஓட்டுறீரோ, நான் ஓட்டுறனோ?" என்று எரிந்து விழுவார். எரிந்து விழுவது நின்றபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அன்றிலிருந்து நான் சொல்வேன், அவர் ஓட்டுவார். நன்றி என்று அவரும் சொல்லவில்லை, இது என்ன கூத்து என்று நானும் கேட்கவில்லை. சந்தைக்கு, கோயிலுக்கு, செத்த வீட்டுக்கு, எங்கு போனாலும் இடப்பக்க ஆசனத்தில் நான். எனக்குத் தலையிடி என்றால் கார் வெளிக்கிடாது. "இண்டைக்கு வெயில் கூட, பிறகு போவம்" என்பார்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது ஒரு தும்மல். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், பிரதான வீதி. முன்னால் போன லொறி கந்தளாய் ஆலை ஒன்றிலிருந்து உமி ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. தூசி மூக்கில் ஏறியது. தும்மினேன். அடுத்தடுத்து வந்தது. தும்மும்போது கண் மூடும், வாயும் நம் வசத்தில் இராது. கண்ணைத் திறந்தபோது வெள்ளைச் சீருடைப் பிள்ளை ஒன்று ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் ஏறி எங்களுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். பம்பர் அவளுடைய பின் மட்காட்டில் தட்டியது. அவள் காலை ஊன்றினாள். புத்தகப் பை விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. "சொறி அங்கிள்" என்று, பிழை தன்னுடையது போலச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

"எங்கயிருந்து வந்தவ?" என்று அவர் என்னைக் கேட்டார்.

வைத்தியசாலையில் வேலை செய்த எனக்குத் தள்ளுவண்டியில் என்னவெல்லாம் வரும் என்று தெரியும். சீருடையோடு வருவதும் தெரியும். பின்னால் ஓடிவரும் தாயின் முகமும் தெரியும். ஒரு கிழவன் கிழவியின் மானத்துக்காக அந்த முகத்தை நான் இன்னொரு தரம் பார்க்கத் தயாராக இல்லை.

அன்று பின்னேரம் சொன்னேன். "காரை விப்பம்."

"விப்பம்" என்றார் உடனே.

கத்தரிக்காய்க்காரனோடு அரைமணி நேரம் பேரம் பேசும் மனிதர், ஒரு சொல்லில் சம்மதித்தால் சந்தேகப்பட வேண்டும். நான் படவில்லை. இந்தக் காலத்தில் இந்தக் காரை ஒருத்தனும் வாங்கமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் அவர் சம்மதித்தார் என்பது பிறகுதான் விளங்கியது.

இப்போது கார் விற்பதென்றால் போனில்தான். கொழும்பில் இருக்கும் எங்கள் மகள், வாகனம் விற்கும் இணையத் தளம் ஒன்றில் விளம்பரம் போடுவதாகச் சொன்னாள். படம் நான் எடுத்து அனுப்பினேன். ஒரு படத்தில் பின்னால் ஒரு மான் வந்து நின்றிருந்தது. அதைத்தான் முதலாவதாகப் போட வேண்டும் என்றாள். அவள் எழுதிய விளம்பரத்தைப் போனில் வாசித்துக் காட்டினாள். நல்ல ஓட்டத்தில் உள்ளது, ஒரு குறையும் இல்லை, நேரில் வந்து பார்வையிடலாம்.

"பிள்ளை, பொய் எழுதாதை" என்றார் இவர். "இடப்பக்கக் கதவு உள்ளுக்கிருந்து திறக்காது எண்டு போடு. மழைக்கு முன்கண்ணாடி மூலையால தண்ணி வரும் எண்டு போடு. ரெண்டாம் கியர் கெஞ்சினால்தான் விழும். பெற்றோல் முள்ளு எப்பவும் பாதியில நிக்கும், அதை நம்பி மூதூருக்குப் போகேலாது எண்டும் போடு."

"அப்பா, இதையெல்லாம் போட்டால் ஆர் வாங்குவினம்?"

"வாங்கிற ஆள் வாங்கட்டும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் விற்பனை கெட்டுப்போகட்டும் என்றே வாயைத் திறந்தார். மகளும் அப்பா சொன்னது என்று அதை அப்படியே போட்டாள். ஆனால் இணையம் வேறு உலகம். குறையைச் சொல்லி விற்கும் ஆளை அங்கே ஒருவரும் கண்டதில்லை போலும். விளம்பரத்தை ஆளுக்கு ஆள் அனுப்பிச் சிரித்தார்கள். "ஐயாவையும் சேர்த்தா விக்கிறீங்க?" என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். "ஐயாவுக்கு எத்தினாம் கியர் விழாது?" என்று இன்னொருவர். மகள் அதை வாசித்துக் காட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

போன் அடிக்கத் தொடங்கியது. வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை, எடுத்த எடுப்பில் "லாஸ்ட் பிரைஸ் என்ன?" சிலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கண்டிப் பக்கத்து ஒருவர், தன்னுடைய ஓட்டோவைத் தருகிறேன், மாறுவோமா என்றார். கடற்கரை ஹோட்டல் ஒன்றிலிருந்து எடுத்தவர், முன்பாதியை மட்டும் வெட்டி வரவேற்பு மேசையாக வைக்கப்போவதாகப் பெருமையோடு விளக்கினார். "உம்மட கொப்பரின்ட கட்டிலை வெட்டி மேசை செய்யும்" என்று சொல்லி இவர் போனை வைத்தார். அந்த ஒன்றில் மட்டும் நான் அவர் பக்கம்.

நேரில் வந்து பார்க்கிறோம் என்றவர்களைத் தள்ளிப்போடப் பஞ்சாங்கம் கைக்கு வந்தது. வாழ்நாளில் பஞ்சாங்கத்தைப் புரட்டாத மனிதர். எங்கள் கல்யாணத்துக்கே நாள் பார்த்தது என் வீட்டார்தான். இப்போது செவ்வாய்க்கிழமை வாகனம் வெளியே போகக்கூடாது, வெள்ளிக்கிழமை லட்சுமி போகக்கூடாது, மற்ற நாட்களில் ராகு காலம். வந்தவர்கள் அலுத்துப்போய் வேறு கார் பார்த்தார்கள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கோபத்தில் பஞ்சாங்கத்தை அரிசி வாளிக்குள் போட்டு மூடினேன். அவர் தேடவில்லை.

கிண்ணியாவிலிருந்து அந்த மனிதர் வந்தது ஒரு வியாழக்கிழமை. இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், எங்கள் மகளை விடக் கொஞ்சம் வயது கூட. போனில் விலையே கேட்கவில்லை. "அந்தக் கதவ எப்பிடித் திறக்கிறெண்டு பாக்கணும், வரட்டா?" என்றுதான் கேட்டார். இவருக்கு அது பிடித்துவிட்டது. வந்தவர் பிளேன்டீயைக் குடித்து முடிக்கும் வரை காரின் பக்கம் திரும்பவில்லை. பிறகு எழுந்து போய் பொனற்றில் உள்ளங்கையை வைத்தார். பம்பரைக் குனிந்து பார்த்தார். துருவைத் தேடினார், கிடைக்கவில்லை. காரை இயக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார்.

"ஒரு சுத்துப் போவமா? நீங்களே ஓட்டுங்க ஐயா. வண்டிய அறிஞ்ச ஆள் ஓட்டினாத்தான் வண்டி உண்மையச் சொல்லும்" என்றார்.

"அதுக்கென்ன" என்றார் இவர். "முன்னுக்கு ஏறுங்கோ தம்பி."

அது என் ஆசனம். வந்த ஆளை முன்னால் இருத்துவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அதிலும் ஆண்பிள்ளை, வாங்க வந்தவர். வீட்டுக்காரி முன்னால் இருந்து விருந்தாளியைப் பின்னால் போட்டால் ஊர் சிரிக்கும். அந்த மனிதரும் விட்டுக்கொடுக்கத்தான் பார்த்தார். "அக்கா முன்னால இரிக்கட்டும், நான் பின்னால ஏறுறன்." "சீச்சீ, வந்த ஆள் பின்னாலையோ?" என்று இவர் கதவைத் தூக்கி இழுத்துத் திறந்தார். கதவு திறந்த விதத்தை வந்தவர் ரசித்துப் பார்த்துவிட்டு என் ஆசனத்தில் ஏறினார்.

"நானும் வாறன்" என்றேன்.

"நீர் ஏன்?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பக்கம் ஏறினார். நான் பின்னால் ஏறினேன்.

பின் ஆசனத்திலிருந்து வீதி வேறு மாதிரி இருந்தது. வந்தவரின் தோளும் தலையும் இடப்பக்கத்தை மறைத்தன. நான் இரண்டு ஆசனத்துக்கும் நடுவில் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன். வாயைத் திறந்தால் இவருடைய கண்ணைப் பற்றி அந்நியர் ஒருவருக்குத் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் ஒழுங்கையிலிருந்து யார் வருவார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மணிக்கூட்டுக் கோபுரம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஓர் ஓட்டோ மூக்கை நீட்டியது.

"இடப்பக்கம் ஓட்டோ" என்றேன்.

வந்தவர் சிரித்தார். "அக்கா எப்பவும் இப்பிடித்தானா?"

"அது அவவின்ட பழக்கம்" என்றார் இவர். "வாய் சும்மா கிடவாது."

நானும் சிரித்தேன். ஊர் எனக்குத் தந்த பெயர் ஒருநாள் உதவிக்கு வந்ததே என்று இருந்தது. அந்தத் துணிச்சலில் தொடர்ந்து சொன்னேன். சைக்கிள், தள்ளுவண்டி, பஸ். இவர் நன்றாகவே ஓட்டினார். இரண்டாம் கியரைக் கெஞ்சிப் போட்டுக் காட்டினார். உட்துறைமுக வீதிக்கு வந்ததும் கொஞ்சம் வேகமும் எடுத்தார்.

மான், வந்தவரின் பக்கத்தில்தான் நின்றிருக்கிறது. அவருடைய தோள் மறைத்ததால் நான் கண்டபோது அது வீதிக்குள் கால் வைத்துவிட்டது. "மான்! மான்! இடப்பக்கம்!" என்று கிளினிக் மண்டபமே அதிரும் குரலில் கத்தினேன். கார் குலுங்கி நின்றது. வந்தவர் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார். மான் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் நின்று எங்களைப் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் கடற்பக்கம் போனது.

வந்தவர் மானைப் பார்த்தார். இவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். இரும்பைக் கையில் எடுக்காமலே நிறை சொல்லும் வியாபாரி. அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. இப்போது ஏதாவது கேட்கப்போகிறார், இவர் நடுவீதியில் குறுகிப்போகப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"பிரேக் நல்லாப் பிடிக்குது ஐயா" என்றார் அவர். "இனி நான் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டா?"

அந்த மனிதருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இவர் தன் பக்கக் கதவால் இறங்கினார். பொனற்றில் கையை வைத்தபடி சுற்றி வந்து, கதவைத் திறந்து வந்தவரை இறக்கிவிட்டு, என் ஆசனத்தில் ஏறி இருந்தார். வந்தவர் மட்டிக்கழிப் பக்கமாகக் காரை எடுத்தார். நானோ வாயை நிறுத்தவில்லை. பழக்கம், வேறென்ன? "பஸ் எடுக்கப்போறான். சைக்கிள். மெதுவா, சந்தி." ஒவ்வொன்றுக்கும் அவர் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "இஞ்சேரும். காணும், நிப்பாட்டும். அவருக்குக் கண் தெரியும்."

இத்தனை காலத்தில் இவர் வாயிலிருந்து அந்த விஷயம் வந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் இப்படி. வாயை மூடினேன். செய்வதற்கு வேலை இல்லாமல் யன்னலால் வெளியே பார்த்தேன். துறைமுகத்துக்குள் ஒரு பெரிய கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. தண்ணீர் அசையவில்லை. அந்த வீதியால் எத்தனையோ தரம் போயும் நான் கடலைப் பார்த்து வந்ததில்லை. என் கண் வேறு வேலையில் இருந்தது.

வீட்டு வாசலில் கார் நின்றதும் இவர் இறங்கவில்லை. இறங்க ஏலாது, கதவு திறக்காதே. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வந்தவர் சுற்றி வந்து, கைப்பிடியைத் தூக்கி, இழுத்துத் திறந்துவிட்டார். முதல் தரத்திலேயே சரியாகத் திறந்தார். விலையில் பெரிய இழுபறி இருக்கவில்லை.

"நாளைக்கு ஜும்மா முடிய வந்து எடுக்கட்டா?" என்று கேட்டவர், தயங்கினார். "வெள்ளிக்கிழமை. உங்கட பக்கத்தில குடுக்க மாட்டாங்களே."

"வந்து எடும் தம்பி" என்றார் இவர். "அதெல்லாம் சும்மா கதை."

வெள்ளிக்கிழமை பின்னேரம் கார் போனது. இவர் கேற்றடியில் நின்று, கார் திரும்பிய பிறகும் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஞ்சாங்கத்தை அரிசி வாளிக்குள்ளிருந்து எடுத்துத் தட்டி அலுமாரியில் வைத்தேன். அன்று மாலை கழுவ ஒன்றுமில்லாமல் அவர் பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டார், தேவைக்கு மேலாகவே.

அடுத்த கிளினிக் நாளுக்கு ஓட்டோ பிடித்தோம். பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். நான் இடப்பக்கம், அது மட்டும் மாறவில்லை. ஓட்டோக்காரன் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியது. பஸ் நிலையம் தாண்டியது.

"ஏன் பேசாமல் வாறீர்?" என்றார்.

"ஓட்டோக்காரனுக்குக் கண் தெரியும்தானே."

"எனக்குத் தெரியாதே" என்றார். "எனக்குச் சொல்லும்."

நான் வெளியே பார்த்தேன். மதிலோரம், வாகைமர நிழலில், அவை நின்றன.

"இடப்பக்கம் மான்" என்றேன். "ரெண்டு நிக்குது. ஒண்டு குட்டி."

அவருடைய வலது கால் ஓட்டோவின் தகரத்தை அழுத்தியது.

"காலை எடுங்கோ. நிப்பாட்டத் தேவையில்லை. சும்மா பாருங்கோ."

அவர் கழுத்தை இடப்பக்கம் திருப்பினார். இன்னும் திருப்பினார். ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் தோளுக்கு மேலால், முழுதாகத் திரும்பித் தேடினார்.

"கண்டிட்டன்" என்றார்.